மாஸ்டரோட மவுத்பீஸ்

எங்க வீட்ல முருகன் படத்துக்குப் பக்கத்துல ஒரு பித்தளை மவுத்பீஸ் இருக்கு. டிரம்பெட்ல வாய் வெச்சு ஊதுவாங்களே, அந்தத் துண்டு. தூசி தொடைக்கிறப்பல்லாம் என் மருமக, "இத எடைக்குப் போட்டுடலாமா மாமா"ன்னு கேப்பா. "என்னையும் சேத்துப் போடும்மா, எடை கூடும்"பேன்.

அது எங்க பேண்டு மாஸ்டரோடது. ரிச்சர்ட்ஸ் டவுன்காரரு. கல்யாணம், சாவு, செப்டம்பர் மாசம் மாதா தேரு, எல்லாத்துக்கும் எங்க செட்டுதான். மாஸ்டர் டிரம்பெட், டைலர் ஒருத்தரு கிளாரினெட், தொம்மலூர்லேருந்து நான் பெரிய டிரம்மு. எனக்குப் படிப்பே ஏறல, இதுல நோட்ஸு எங்க படிக்கிறது? மாஸ்டர் கால் தட்டுனா நான் டிரம்மு தட்டுவேன். ஒரு தடவ கொசு கடிச்சு அவரு காலை ஒதறினாரு, அதுக்கும் தட்டிட்டேன். அது சாவு வீடு வேற.

தொண்ணூத்தேழோ எட்டோ, மாஸ்டர் ஸ்கூட்டர்லேருந்து விழுந்து முன்பல்லெல்லாம் போச்சு. பல்லு செட்டு மாட்டுனாங்க. ஊதினா செட்டு ஆடுது, வெறும் காத்துதான் வருது. தேரு நெருங்கிடுச்சு, கோயில் கமிட்டில வேற ஆளு தேடற பேச்சு. மாஸ்டர் பேஜாராகி, "என் சம்சாரம் ஊர்ல கடக்கரை பூரா மாதா கோயிலு. ஒவ்வொண்ணா ஊதிப் பாக்கறேன். வரலேன்னா இந்த மவுத்பீஸக் கடல்ல போட்டுடறேன்"னாரு. அந்தம்மா தூத்துக்குடிப் பக்கம். அண்ணன்காரன்கிட்ட பாய்மர வள்ளம் ஒண்ணு இருந்துச்சு. மாஸ்டர் தனியா போகக்கூடாதுன்னு நானும் டைலரும் கெளம்பிட்டோம்.

அதுவரைக்கும் நான் பாத்த கடலு அல்சூர் ஏரிதான். வள்ளம் ஆட ஆட, தின்ன இட்லியெல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. மாஸ்டரோட மச்சான், "வலையே வேண்டாம் போல அண்ணாச்சி, மீனு பூரா உங்க பின்னாலதான் வருது"ன்னாரு. கரையில கோயில் தெரிஞ்சா அவரு பாயைப் பாதி எறக்குவாரு, மாதாவுக்கு மரியாதைன்னு. மொதக் கோயில்ல எல்லாரும் முட்டி போட்டா நான் எந்திரிச்சேன், எந்திரிச்சா முட்டி போட்டேன். பூசை முடிஞ்சு மாஸ்டர் ஊதினாரு. புஸ்ஸுன்னுச்சு. ரெண்டாவது கோயில்ல ஏதோ சத்தம் வந்துச்சு. வெளிய கட்டியிருந்த ஆடு பதில் சொல்லுச்சு. நான்தான் சிரிச்சேன், மாஸ்டர் சிரிக்கல.

மூணாவது கோயிலுக்குப் போற வழில காத்து நின்னுபோச்சு. பாய் தொவைச்ச வேட்டி மாதிரி தொங்குது. மாஸ்டர் மவுத்பீஸக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு தண்ணியவே பாத்துட்டிருந்தாரு. டைலர் எனக்குக் கண்ணக் காட்டினாரு. எனக்கு வேற என்ன தெரியும்? வெடுக்குனு புடுங்கி நானே வாயில வெச்சு ஊதினேன். கழுதை வாயு விட்டாப்பல ஒரு சத்தம். மச்சான் துடுப்பப் போட்டுட்டு சிரிக்கிறாரு. மாஸ்டர் அடக்கி அடக்கிப் பாத்து, ஒரேயடியா சிரிச்சாரு பாருங்க, பல்லு செட்டு எகிறி கடல்ல விழுந்துடுச்சு.

மாஸ்டர் எம்மேல பாஞ்சாரு. "ஃபல்லு ஃபோச்சுடா ஃபாவி"ன்னு எங்கிட்டேருந்து மவுத்பீஸப் புடுங்கி டிரம்பெட்ல சொருகி, "இப்படியாடா ஊதுவாங்க, இப்படி ஊதணும்"னு எனக்குப் பாடம் காட்ட வாயில வெச்சாரு. கோவத்துல தன்னால ஊத முடியாதுங்கறதே மறந்துட்டாரு. முன்னால பல்லு இல்லாததால அது தானா ஓரத்துக்குப் போயி, சொந்தப் பல்லு இருக்கற எடத்துல உக்காந்துச்சு. ஒரே ஒரு சத்தம். கோணாம நேரா வந்துச்சு. டைலர் கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு.

உடனே காத்து அடிச்சுச்சுன்னு புளுக மாட்டேன். துடுப்புப் போட்டுத்தான் போய்ச் சேந்தோம். மூணாவது கோயில்ல மாஸ்டர் மாதா பாட்டு முழுசும் வாசிச்சாரு, வாய ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. அந்த வருசத் தேருக்கும் அவருதான். ரிச்சர்ட்ஸ் டவுன் பசங்க கோண மாஸ்டர்னு பேரு வெச்சாங்க. கடைசி வரைக்கும் புது செட்டு போடல. கேட்டா, "அத மாதாவுக்குக் காணிக்கையா குடுத்துட்டேன்"பாரு.

அவரு போனப்புறம் அந்தம்மா இத எங்கிட்ட குடுத்து, "கடல்லேருந்து காப்பாத்துனவன் நீதான், நீயே வெச்சுக்கப்பா"ன்னாங்க. இன்னிக்குக் காலைல மருமக மறுபடியும் எடைக்குக் கேட்டா. எடுத்து ஊதிக் காட்டினேன். அதே கழுதைச் சத்தம். அவ வாயப் பொத்திட்டு சிரிச்சா. நான் மவுத்பீஸக் கையிலயே நீட்டி வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன், யாராவது புடுங்கி "இப்படி ஊதணும்டா பாவி"ம்பாங்களான்னு. யாரும் புடுங்கல. தொடைச்சு முருகன் பக்கத்துலயே வெச்சுட்டேன்.