இரண்டாவது விரிசல்

அன்று சாயங்காலம் குற்றாலத்து லாட்ஜில் இருந்தது நான் ஒருவன்தான். முதலாளி கொல்லத்தில் மகள் வீட்டில் இருந்தார். அக்காவின் பிரசவத்துக்காக அம்மாவும் அவளும் தென்காசி ஆஸ்பத்திரியில். அத்தான் சவுதியில், லீவு கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாரோ இருந்திருப்பார்கள் என்பீர்கள். பேய், குறி எதையும் நம்பாதவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள், படிப்பது தொல்லியல், மண்ணுக்குள்ளிருந்து வந்ததைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்வதில்லை என்று வீம்பாகத் திரிந்தவன்.

சீசன் முடிந்தால் அருவியில் பாறைதான் தெரியும். கடைகளை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். லாட்ஜைப் பார்த்துக்கொண்டால் தங்குவதற்குக் காசு தர வேண்டாம், படிக்கலாம். பேச ஆள்தான் கிடையாது. கூட்டம் இல்லாவிட்டால் குரங்குகள்கூட எங்கோ போய்விடும்.

கல்லூரியில் நான் பேச வேண்டியது சீனாவின் ஷாங் வம்சத்தைப் பற்றி. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜாக்கள். அன்யாங் என்ற ஊரில் தோண்டியபோது அவர்கள் குறி கேட்ட ஆமை ஓடுகளும் மாட்டெலும்புகளும் குவியலாகக் கிடைத்தன. எலும்பின் பின்பக்கம் குழி குடைந்து, அதில் சூடு வைப்பார்கள். முன்பக்கம் விரிசல் விழும். அதுதான் முன்னோர் சொல்லும் பதில். ஒரே விஷயத்தைப் பல சமயம் இரண்டாகக் கேட்பார்கள்: நல்லபடி நடக்கும் என்று ஒரு பக்கம், நடக்காது என்று மறுபக்கம். படை நடத்திய ஒரு ராணியின் பிரசவத்துக்கு ராஜா இப்படி இரண்டு பக்கமும் கேட்டது இன்றும் ஓட்டில் செதுக்கியபடி இருக்கிறது.

நானே ஒன்று செய்து காட்டலாமென்று கடையநல்லூரில் கறிக்கடை பாயிடம் மாட்டின் தோள்பட்டை எலும்பு கேட்டேன்.

"ஏலே, சூப்புக்கா?"

"இல்ல பாய், படிப்புக்கு."

"எலும்ப வச்சு என்ன படிப்புலே சொல்லித் தாரான்? நான் இத்தன வருஷம் வெட்டுதேன், எனக்கு ஒரு பட்டமும் குடுக்கலயே."

எலும்பைக் காயவைத்து, இடதில் ஒன்றும் வலதில் ஒன்றுமாகக் குழி குடைந்து வைத்திருந்தேன். அன்று பொழுது சாயும் நேரத்தில் அம்மா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"பிள்ள திரும்பிக் கெடக்காம். டாக்டரம்மா ஒன்னும் சொல்ல மாட்டேங்கா."

"நான் வாரேம்மா."

"இங்கன வந்து என்ன செய்யப் போற? ஆம்பளைய உள்ள விட மாட்டாங்க. அங்கனயே இரு."

போனை வைத்த பிறகு அந்தக் கட்டடம் முழுக்க என் மூச்சு ஒன்றுதான். என்ன நினைத்தேனோ தெரியாது, ஒரு இரும்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி இடது குழியில் வைத்தேன். "அக்காவுக்கு நல்லபடி ஆகும்" என்று வாய்விட்டே சொன்னேன். டப் என்று விரிசல் விழுந்தது. அடுத்து வலது பக்கம். "ஆகாது" என்று சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. வலது குழியில் கம்பியை வைக்காமலே அடுப்பை அணைத்தேன், கம்பியை வாளித் தண்ணீரில் போட்டேன், மூஞ்சி கழுவப் போனேன்.

அப்போது அறைக்குள் இன்னொரு டப்.

சூடு ஆறும்போது எலும்பு தானாக வெடிக்கும், அது எனக்கும் தெரியும். நம்பினால் நம்புங்கள், வலது குழி கருகியிருந்தது. தொட்டால் விரல் சுட்டது. கம்பி வாளியில்தான் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மா திரும்பக் கூப்பிட்டாள். பொம்பளைப் பிள்ளை, இரண்டு உயிரும் சுகம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். எலும்பைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மா காபி வாங்கப் போன சமயம் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஏலே, வலியில கெடக்கையில என்னமோ டப்புன்னு முறியுத சத்தம். கூடவே ஒன் குரலு."

"மயக்கத்துல இருந்திருப்ப."

"மயக்கம்லாம் இல்லலே. பொறவு இன்னொருக்கா சத்தம். அப்ப பேசுனது நீ இல்ல. வேற ஆம்பள. ஒன் பக்கத்துல நின்னுதான் பேசுதான், பாஷை ஒன்னும் விளங்கல."

"என்ன சொன்னான்?"

அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியலலே. ஆனா அவன் கொரலு நடுங்கிச்சு. அவன் வீட்லயும் யாரோ பிரசவ வலியில கெடக்குத மாதிரி இருந்துச்சு."