வெறும் கம்பி

என் மருந்துக்கடைக்கு நேர் மேலே ஒரு உடற்பயிற்சிக்கூடம். முன்பு அதை நடத்தியவர் காலத்தில், மேலே யாராவது எடையைக் கீழே போட்டால் என் அலமாரியில் இருமல் மருந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வருகிறவர்கள் ஒருமுறை கூரையைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை நீட்டுவார்கள். அவர் காலி செய்து, இப்போது அதை நடத்தும் அம்மா வந்த அன்றே நான் வரிந்துகட்டிக்கொண்டு மாடி ஏறினேன். சண்டைக்கு வேண்டிய வசனமெல்லாம் படிக்கட்டிலேயே தயாராகிவிட்டது.

அவர் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். குள்ளம். இவரா எடை தூக்கச் சொல்லித் தரப்போகிறார் என்று நினைத்தேன்.

"கீழ்க் கடைதானே? சத்தத்தைப் பத்திப் பேச வந்திருக்கீங்க," என்றார் நிமிராமலே. "எனக்கும் ஆகாது. ஒருத்தர் தடால்னு போடறார்னா, அவருக்கு இறக்கத் தெரியலைன்னு அர்த்தம். தூக்கறது பாதி வேலைதான்."

என் வசனங்கள் அத்தனையும் வீண். அன்றிலிருந்து என் பாட்டில்கள் வைத்த இடத்தில் நிற்கின்றன.

அவரை எல்லாரும் கோச் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பார்சல் கிடங்கில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். ஒருநாள் குனிந்தவர் நிமிர முடியவில்லை. இனி எதையும் தூக்காதே என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். "பிள்ளையைத் தூக்காதே, குடத்தைத் தூக்காதேன்னா, அப்புறம் எதுக்குங்க இடுப்பு?" என்பார். சொல்லித்தர ஆள் தேடிப் போய், துடைப்பக்கட்டையிலிருந்து ஆரம்பித்து, எப்படிக் குனிவது என்பதைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அதனால் அவரிடம் யார் வந்தாலும் முதலில் கையில் கொடுப்பது துடைப்பக்கட்டைதான். பள்ளிக்கூடப் பெண், பிரசவமாகி ஆறேழு மாதமான தாய், தொப்பையோடு வரும் பேங்க் மேனேஜர், ஒருவருக்கும் விலக்கு இல்லை. "எல்லாரும்தானே நாற்காலியில இருந்து எழுந்திரிக்கிறோம்? எல்லாரும்தானே தரையில இருந்து எதையாவது எடுக்கிறோம்? வயசுக்கு எடை மாறும். வேலை மாறாது," என்பார். குனிவது சரியாக வந்த பிறகு, தட்டுகள் மாட்டாத நீளமான இரும்புக் கம்பி. அதற்கு அங்கே 'வெறும் கம்பி' என்று பெயர். அப்புறம்தான் இரண்டு பக்கமும் வட்டத் தட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டுவார். நடுவில் அவர் பேசுவது மிகவும் குறைவு. ஒருவர் தூக்கி முடித்ததும் "மெதுவா இறக்குங்க" என்பார். போதும் என்று தூக்குகிறவர் நினைக்கும் நேரத்தில் "இன்னொண்ணு" என்பார்.

இந்த இடத்துக்கு என் மாமனார் போய்ச் சேருவார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மாமா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆயுள் முழுக்க உட்கார்ந்தே ஊரைச் சுற்றியவர். எழுபதை நெருங்குகிறார். அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்ததும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவர்தான் மாற்றுவார். ஒருநாள் தூக்கப்போய், இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து எழுப்பும்வரை அப்படியே கிடந்திருக்கிறார்கள். என் மனைவி அழுதாள், கத்தினாள், கடைசியில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, பகல்ல ஆள் வர்றாங்க, சரி. மத்த நேரம்? உங்களால அம்மாவைத் தனியா மாத்த முடியலைன்னா, கோடை வந்ததும் அம்மாவைப் பராமரிப்பு இல்லத்துல சேர்த்துடலாம். ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல ஆஸ்பத்திரியில பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

மறுநாள் மாமா இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக என் கடை வாசலைத் தாண்டி மாடி ஏறினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"என்ன தூக்கணும் உங்களுக்கு?" என்று கேட்டார் கோச்.

"என் சம்சாரத்தை," என்றார் மாமா.

கோச் சிரிக்கவில்லை. அன்று மாலையே மாமா வீட்டுக்கு வந்து, டேப் வைத்துக் கட்டிலின் உயரத்தை அளந்தார். அத்தையிடம், "உங்களைப் பத்திரமா இறக்கி வைக்கறதுக்கு ஒருத்தரைத் தயார் பண்றேன்மா" என்றார். மாடியில் தன் உடற்பயிற்சிக்கூடத்தில் அந்தக் கட்டில் உயரத்துக்கே ஒரு தாங்கி வைத்து, அதன் மேல் கம்பியை வைத்தார். மாமாவின் உலகம் அந்த உயரத்தில் ஆரம்பித்தது.

மாமா துடைப்பக்கட்டையோடு வீட்டைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகை நிமிர்த்திக் குனிவார், எழுவார். "இன்னொண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அத்தைக்கு வாய் சரியாகத் திரும்பாத காலம் அது. கண்ணால் மட்டும் சிரிப்பார்.

பிறகு வெறும் கம்பி. பிறகு தட்டுகள். ஒரு பக்கம் மட்டும் மணல் நிரம்பிய மூட்டை ஒன்றையும் கோச் தூக்க வைத்தார். அது கையில் நிற்காமல் சரியும், நழுவும். மாமா அதையும் தூக்கினார். ஆனால் அவர் மதித்தது தட்டை மட்டும்தான். "மூட்டைக்கு நம்பர் இல்லையே மாப்பிள்ளை. தட்டுலதான் எழுதியிருக்கு" என்பார். அத்தையின் எடை அறுபது கிலோ. தட்டு அறுபதைத் தொட்டால்தான் அத்தையைத் தொடுவேன் என்று சபதம் மாதிரி வைத்திருந்தார். ஒருமுறை விழுந்த மனிதர். பயம் உள்ளே உட்கார்ந்திருந்தது.

கோடை வந்துவிட்டது. தட்டு ஐம்பதில் நின்றது.

இல்லத்திலிருந்து வண்டி வர வேண்டிய காலையில் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பத்து கிலோ குறையுது மாப்பிள்ளை. நான் பொய் சொல்ல மாட்டேன். அவளை அனுப்பிடுங்க. கோச்சம்மா கிட்டயும் சொல்லிடுங்க."

மாடிக்குப் போய்ச் சொன்னேன். கோச் கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு என்னோடு கிளம்பினார்.

அத்தை அறையில் பெட்டி தயாராக இருந்தது. மனைவி அத்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மாமா ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

"ஐயா, ஒரு கேள்வி," என்றார் கோச். "வெறும் கம்பி எவ்வளவு எடை?"

"வெறும் கம்பிதானே? அது என்ன, ஒண்ணுமில்லை."

"இருபது கிலோ."

மாமா திரும்பினார். உதடு அசைந்தது. டிரைவர் கணக்கு, சட்டென்று போட்டுவிட்டார். ஐம்பதும் இருபதும். முகத்தில் ரத்தம் ஏறியது.

எனக்கு வந்தது கோபம். "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? மனுஷன் பாதியாப் போயிட்டாரே!"

"இவர் கம்பியைக் கணக்குல சேர்க்கலைன்னு எனக்கே போன மாசம்தான் தெரிஞ்சது," என்றார் கோச். "தெரிஞ்சும் சும்மா இருந்தேன். கம்பிக்குக் கைப்பிடி இருக்கு. அம்மாவுக்கு இல்ல. கம்பி பயப்படாது, ஒரு பக்கமா சாயாது. எடைக்கு எடை சரியா இருந்தா பத்தாதுங்க, கையில கொஞ்சம் மிச்சம் வேணும். இப்ப மிச்சம் இருக்கு."

பெரிய வித்தை என்று நான் நினைத்திருந்ததெல்லாம் 'மிச்சம்' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. மனைவியைப் பார்த்தேன். அவள் சீப்பை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மாமா கட்டிலுக்குப் போனார். அத்தையின் இடுப்பில் துணிப் பட்டையைக் கட்டினார். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டார், இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார். பாதங்களை அகட்டி வைத்தார். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகை நிமிர்த்திக் குனிந்தார். கோச் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை எழுந்தார். எடை என்பதே இல்லாததுபோல் எழுந்தார். செயலிழந்த பக்கம் சரிந்தது, மாமா அதையும் சேர்த்துத் தாங்கினார். ஒரு கணம் இருவரும் நெஞ்சோடு நெஞ்சாக நின்றார்கள். பக்கவாதம் வந்ததிலிருந்து அத்தை இப்படி நேராக நின்று நான் பார்க்கவே இல்லை. மாமாவின் தோளுக்கு வருவார் என்பதே மறந்துபோயிருந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. சொல்வதற்கென்ன வெட்கம், அழுதேன்.

"மெதுவா இறக்குங்க," என்றார் கோச்.

மாமா திரும்பினார். இறக்கினார். நாற்காலியில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பஸ்ஸில் பிரேக் போட்டே பயணிகளை எழுப்பிவிட்ட மனிதர், அத்தையைப் பூப்போல வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. என் மனைவி வெளியே போய் என்னவோ சொன்னாள். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள், யாரையும் பார்க்காமல் பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்துப் பீரோவில் அடுக்க ஆரம்பித்தாள்.

மாமா மூச்சு வாங்கியபடி, போதும் என்ற முகத்தோடு கட்டிலில் உட்காரப் போனார். அப்போது அத்தையின் உதடு கோணிக்கொண்டு அசைந்தது. மாதக்கணக்காக ஒரு வார்த்தையும் முழுசாக வராத வாய்.

"இன்... இன்னொண்ணு," என்றார் அத்தை.