வாசலில் வெந்நீர்ப் பை

1. காலையில் மாதவிடாய் வலி தொடங்கியது.
2. விழுங்கிய மாத்திரை வாந்தியில் போனது.
3. வெந்நீர்ப் பையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அடுகோடிப் பகுதியில் நான் வேலை பார்க்கும் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனேன். அன்றைய செய்முறைத் தேர்வில் கலந்துகொள்ளாவிட்டால் வேலை நிரந்தரமாகாது.

வாசலில் பெண்களின் பைகளைச் சோதிக்கும் காவலர் உயரமானவர்; காக்கிப் புடவை, இறுக்கிய கொண்டை. பையில் இருப்பதையெல்லாம் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்வது அவர் பழக்கம்.

"டிபன் பாக்ஸ், குடை... இது எதுக்கும்மா?"

"கருப்பை இறுகி வலிக்குதுக்கா. சூடு வெச்சாதான் கொஞ்சம் தணியும்" என்று முணுமுணுத்தேன்.

பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி ஆபீசர், "அதெல்லாம் உள்ள போகாது. வெளிய வெச்சிட்டு வரச் சொல்லு" என்றார்.

காவலர் அவர் பக்கம் திரும்பினார். "சார், பொண்ணுக்கு பீரியட்ஸ் வலி. கருப்பை இறுகுதாம். இன்னும் வெவரம் வேணும்னா இதோ நிக்குது, நீங்களே கேளுங்க!"

பக்கத்து ஆண்கள் வரிசையில் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. ஆபீசர் சுவரைப் பார்த்தபடி, "அனுப்பு, அனுப்பு" என்றார்.

என் முகம் எரிந்தது. காவலர் என்னைப் பார்க்கவேயில்லை. அடுத்த பையைத் திறந்துவிட்டார். எனக்காகப் பேசினாரா, வழக்கம்போல் கத்தினாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வேலை நிரந்தரமாகிவிட்டது. வலி மாதந்தோறும் வருகிறது. வெந்நீர்ப் பையை யாரும் தடுப்பதில்லை.