மீன்பெட்டியின் நாலாவது போல்ட்

போர்கில்டுக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் கிழமை. அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு ஓத்மார் தன் பழைய வேனில் அவளைப் படகுத்துறைக் கடைக்கு அழைத்துப்போவான். ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் இருக்கை கிடையாது. உப்புப் போட்ட காட் என்கிற கடல்மீனைக் கொண்டுபோக அந்த இடத்தில் ஒரு மரப்பெட்டியை போல்ட் வைத்து இறுக்கியிருந்தான். மூடிமேல் ஆட்டுத்தோலை விரித்து அவள் உட்காருவாள். அது சின்னத் தீவு; போலீஸ்காரர் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம், யார் கேட்கப்போகிறார்கள்?

புருஷன் செத்த பிறகு அவள் மேல் இன்னொரு ஆளின் தோள் உரசியது அந்த வேனில் மட்டும்தான். அதுவும் சர்ச் பக்கத்து வளைவில். அந்த வளைவு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்று எழுபதை நெருங்குகிற ஒருத்தி நினைத்தால் என்ன குற்றம்? அவள் நினைத்தாள். வாயைத் திறந்து சொன்னதில்லை. ஊரில் மற்ற எல்லாவற்றையும் சொல்கிற வாய் அது.

பெட்டி இருந்த இடம் முன்பு ரண்டியின் இருக்கை. ஓத்மாரோடு சில வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, மீன் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெற்கே போய்விட்டவள். அவள் போன கையோடு இருக்கையைக் கழற்றிக் கம்பளியில் சுற்றிப் பரணில் ஏற்றினான் ஓத்மார். தூக்கி எறியவில்லை. அதைத்தான் போர்கில்டால் பொறுக்க முடியவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வாஃபிள் என்கிற கட்டம்போட்ட இனிப்பு அப்பம் சுடுகிற கல்லைக் கடன் கேட்டு வந்து நின்றான். முகத்தை வழவழவென்று மழித்திருந்தான். ரண்டி போன் பண்ணினாளாம், நாளை மத்தியானப் படகில் வருகிறாளாம். படகுத்துறைக்குப் போய் அழைத்துவர வேண்டும், அதற்குள் இருக்கையைப் பழையபடி மாட்டியாக வேண்டும்.

"அவளப் போய் மீன்பெட்டி மேலயா உக்கார வைக்க முடியும்?" என்றான்.

"நான் உக்காரலையா?"

"நீ வேற, அவ வேற."

அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அதனாலேயே அது உள்ளே போய்த் தைத்தது.

கல்லைக் கொடுத்தாள். மாவு கரைக்கத் தெரியுமா என்று கேட்டாள், தெரியாது என்றான். சரி, மாவையும் கரைத்துத் தருகிறேன் என்றாள். இப்படியும் ஒரு மடச்சி உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டு முட்டையை உடைத்தாள்.

அவன் வாசலில் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. பிறகு வசவு. சத்தம் நின்றபோது போய்ப் பார்த்தாள். மூன்று போல்ட் வந்துவிட்டன, நாலாவது வரவில்லை. வருஷக்கணக்காக மீன் உப்புத்தண்ணீர் ஒழுகிய மூலை அது. தரைத்தகட்டுக்கு அடியில் நட்டும் போல்ட்டும் ஒரே துருக்கட்டியாக ஆகியிருந்தன. அவன் ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகி, எருமை மாதிரி ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தான். நட்டின் மூலைகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. கேஸ் விளக்கின் தீயால் நட்டைச் சூடாக்கப்போகிறேன் என்றான்.

"பெட்ரோல் குழாய் பக்கத்துலயே போவுது. நாளைக்கு ரண்டி வந்து உன் சாம்பலத்தான் அள்ளணும். முதல்ல இறுக்கு."

"கழட்டணும்னு சொல்றேன், நீ இறுக்கச் சொல்ற."

"ஒரே பக்கமா இழுத்தா அது முரண்டு பிடிக்கும், இல்லன்னா முறிஞ்சுபோவும். ஒரு மயிரிழை இறுக்கு, துரு நொறுங்கும். அப்புறம் தளத்து. மறுபடி இறுக்கு. என் வீட்டுக்காரர் படகு இன்ஜின இப்படித்தான் கழட்டுவாரு. விளக்குப் பிடிச்சது யாருன்னு நினைக்கிற?"

எண்ணெய் விட்டார்கள், அது இறங்கும்வரை காப்பி குடித்தார்கள். பிறகு அவன் அடியில் புகுந்தான். மேலே போல்ட் தலையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சும்மா சுற்றும். அவள் வேனுக்குள் மண்டியிட்டு ஸ்பானரைப் பிடித்தாள். இருவருக்கும் நடுவே ஒரு தகடு. அடியிலிருந்து அவன் பேசிக்கொண்டே இருந்தான். ரண்டி காலைத் தூக்கி முன்பலகையில் வைத்துக்கொள்வாளாம். பாட்டு முணுமுணுப்பாளாம்.

போர்கில்ட் தன் கையைப் பார்த்தாள். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், சாயங்காலம்வரை சுற்றினாலும் அது கழலாது. அவனுக்குத் தெரியவும் போவதில்லை. பெட்டி இருக்கும், வெள்ளிக்கிழமை இருக்கும், அந்த வளைவும் இருக்கும்.

"கெட்டியா புடி," என்றான் கீழேயிருந்து.

இரண்டு கையாலும் பிடித்தாள். மணிக்கட்டு வலிக்க வலிக்கப் பிடித்தாள். இறுக்கினான், தளர்த்தினான், இறுக்கினான். காய்ந்த எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். நட்டு சுழன்றது. கீழே அவன் சிரித்தான். அவள் ஆட்டுத்தோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறு மத்தியானம் சமையலறை ஜன்னலில் நின்றாள். ஓத்மாரின் வேன் வந்தது. பக்கத்து இருக்கை காலி. பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார், ரண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். கார்களையும் ஏற்றிவருகிற படகுதான் அது, ஆனால் தன் காரோடு வருவாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வாஃபிள் தின்றாளோ என்னவோ, அடுத்த படகுக்குத் திரும்பிவிட்டாள். விட்டுப்போன தையல் மெஷினை எடுத்துப்போகத்தான் வந்தாளாம். அதைக் காரில் ஏற்றியவனும் ஓத்மார்தான்.

வெள்ளிக்கிழமை ஹாரன் அடித்தது. போர்கில்ட் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். புதைகுழி மாதிரி அமுங்கியது. ஜன்னல் விளிம்புக்கு மேல் வானம்தான் தெரிந்தது, கடல் தெரியவில்லை. சர்ச் வளைவு வந்தது. இருக்கையின் ஓரங்கள் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டன. தோள் எதிலும் படவில்லை. அவன் கண் சிவந்திருந்தது.  துறைக்குப் போய்த் திரும்பி வீட்டு வாசல் வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"இது எனக்கு ஆவாது. பெட்டிய எடுத்துட்டு வா."

 அவன் இறங்கிப் போய்ப் பெட்டியையும், புது போல்ட் நாலும், ஒரு டப்பா கிரீஸும் கொண்டுவந்தான். அவள் உள்ளே மண்டியிட்டாள், அவன் அடியில் படுத்தான். இருக்கை இறங்கியது, பெட்டி ஏறியது.

"கிரீஸ் தடவிடறேன்," குரல் தகட்டுக்கு அடியிலிருந்து வந்தது. "அடுத்த தடவ கழட்ட சுலபமா இருக்கும்."

"தடவாத," என்றாள் போர்கில்ட்.

 கீழே டப்பா மூடுகிற சத்தம் கேட்டது.