நகத்தில் தட்டிய கீறல்

நஸ்ரீனின் வலது மணிக்கட்டு நொறுங்கியதற்குக் காரணம் நான்தான். பாதையில் கிடந்த கல் அல்ல, அவள் பிடித்த பிரேக் அல்ல... நான்!

அவளுக்கு இது தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று அறிந்தால் உங்களுக்கு என்மீது வெறுப்பு இன்னும் கூடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரப் பரிசோதகர் நான். உருளைகளின் உட்சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன். விளக்கடித்துப் பார்ப்பது, அளவெடுப்பது எல்லாம் உண்டு. ஆனால் கடைசித் தீர்ப்பு விரல் நகத்துக்குத்தான். நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். தட்டாவிட்டால் பிழைத்தது. தட்டினால் ரிஜெக்ட். யார் கெஞ்சினாலும் ரிஜெக்ட்.

"உன் நகத்துக்கு இன்னா பேய் புடிச்சிகீதா தாயி? தொட்டதெல்லாம் ரிஜெக்ட்டுன்ற!" என்று லேத்தில் நிற்கும் அண்ணன் ஒருவர் சலித்துக்கொள்வார். எனக்கு அதில் பெருமை...

நஸ்ரீன் என் கல்லூரித் தோழி. வேலப்பன்சாவடிக் கல்லூரிக்கு ஒரே பேருந்தில் போய்வந்தோம். படிப்பு முடிந்ததும் அவள் பூந்தமல்லியில் தன் அம்மாவோடு ஆரி வேலையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாண ரவிக்கைகளில் ஜரிகையும் மணியும் கோத்துத் தைக்கும் ஊசி வேலை. அந்தச் சம்பாத்தியத்தில் பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். ஞாயிறு காலைகளில் ஆவடிக்கு அப்பால், ஏரிக்கரை மேடுகளில் இருவரும் ஓட்டுவோம்.

அந்தச் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் சுருள்வில் கிடையாது. அடைத்த காற்றுதான் வில். குழாய்க்குள் ஒரு பிஸ்டன். அதற்கு மேலே இருக்கும் காற்று ஆளைத் தாங்கும், கீழே இருக்கும் காற்று அதிர்வை மென்மையாக்கும். இரண்டும் கலந்துவிடாமல் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் காவல் நிற்கும்.

அந்த வளையம் தேய்ந்திருந்தது. மாற்றித் தருகிறேன் என்று நானாகத்தான் முன்வந்தேன்.

முகப்பேரில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம். சனிக்கிழமை பிற்பகல். குழாயின் வாயைப் பூட்டியிருந்த சர்க்ளிப் என்ற எஃகுக் கவ்வியைக் கழற்ற அதற்கென்றே ஒரு குறடு வேண்டும். அது தொழிற்சாலையில் இருந்தது. வெளியே கொண்டுவர மேலாளர் கையெழுத்திட்ட கேட் பாஸ் வேண்டும். ஒரு சைக்கிளுக்காகப் போய்க் கேட்பதா? ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். நழுவியது. குழாய்க்குள் மேல்நோக்கி 'கிரீச்'...

விளக்கடித்துப் பார்த்தேன். மயிரிழை போல ஒரு கோடு. சுண்டு விரலை உள்ளே விட்டு நகத்தை ஓட்டினேன்.

தட்டியது.

நான் செய்ததைக் கேளுங்கள். நகம் வளர்ந்திருக்கிறது, அதனால்தான் தட்டுகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு நகத்தை ஒட்ட வெட்டினேன். மறுபடி ஓட்டினேன். மறுபடியும் தட்டியது! கிரீஸைத் தாராளமாகத் தடவி, புது வளையத்தைப் போட்டு மூடிவிட்டேன்.

மாலையில் அவள் வந்து ஏறி உட்கார்ந்தாள். ஃபோர்க்கின் காலில் மெல்லிய சிவப்புப் பட்டை ஒன்று உண்டு. ஆள் உட்கார்ந்தால் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறதோ, அந்த இடத்துக்கு அது தள்ளப்பட்டு நிற்கும். பாதி வழிக்குச் சற்றுக் கீழே, குழாயில் இருந்த ஒரு கறுப்புப் புள்ளியைத் தொட்டு நின்றது.

"இதான்டி உன் வெயிட்டு" என்றேன்.

"ஊர் பூரா சொல்லிடாத" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஏய் இன்ஜினீரம்மா, என் வண்டி தானா குனியுதுடி! ஊட்ல யாரும் தொடல. காலைல பாத்தா யாரோ குந்திகினு கீற மாரி எறங்கி கீது. அம்மா தண்ணி ஓதித் தெளிக்கணும்ன்றாங்க."

"பம்ப் மீட்டர்ல காத்து எவ்ளோன்னு பாத்தியா?"

"பாத்தேன். கொஞ்சம் கம்மியா காட்டுது."

"பம்ப்ப மாட்டுனாலே அதோட குழாய்க்குள்ள கொஞ்சம் காத்து போவும். அதான் கம்மியா காட்டுது. சும்மா சும்மா செக் பண்ணாத."

நான் சொன்னது உண்மைதான்... அதுதான் கொடுமை! ஒரு சிறிய உண்மையை எடுத்து ஒரு பெரிய உண்மையின் மேல் போர்த்திவிட்டேன். தலைக்குள் காரணங்களை வரிசையாக அடித்துக்கொண்டே வந்தேன்: வால்வு இல்லை, மூடி இல்லை, புது வளையமும் இல்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று. கீறல் வழியாக மேல்காற்று கீழே கசிந்து ஃபோர்க்கை உள்ளுக்கு இழுக்கிறது. எனக்குத் தெரியும்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

அந்த ஞாயிறு, ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது அவளுடைய முன்சக்கரம் ஒரு கல்லில் மோதியது. தாங்க வேண்டிய ஃபோர்க் அப்படியே அமுங்கியது. கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுந்தாள். நான் ஓடினேன். நான் முதலில் பார்த்தது எதைத் தெரியுமா? அவள் கையை அல்ல... ஃபோர்க்கை!

மருத்துவமனையில் என் காதருகே முணுமுணுத்தாள்: "முன் பிரேக்க நாந்தான் டபக்குனு புடிச்சிட்டேன் போல. வண்டி நல்லாத்தான் இருந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுடி. நீ சொன்னா நம்புவாங்க."

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு ஆன்ட்டி" என்றேன் நான். தரப் பரிசோதகர்!

எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஆரி ஊசியைப் பிடித்தால் அவளுக்கு நுனி நடுங்குகிறது. மணிகள் சிதறுகின்றன. இப்போது அவள் அளவு மட்டும்தான் எடுக்கிறாள். தைப்பது அவள் அம்மா. சைக்கிளை என்னிடமே தந்துவிட்டாள்.

அது எங்கள் கூடத்தில், சன்னலோரம் நிற்கிறது. வளையத்தை மீண்டும் மாற்றினேன். காற்றேற்றி, சிவப்புப் பட்டையை அடிவரை இறக்கிவிட்டேன். வீட்டில் யாருமில்லாத ஒரு நண்பகலில் எதிரே உட்கார்ந்து பார்த்தேன்.

மெல்ல... மிக மெல்ல ஃபோர்க் இறங்கியது. உள்ளே காற்று பெருமூச்சு விடுவதுபோல் ஓர் ஒலி. யாரோ பார்த்துப் பதமாக ஏறி உட்காருவதுபோல் கைப்பிடி தாழ்ந்தது. பிறகு நின்றது. பட்டை அதே கறுப்புப் புள்ளியைத் தொட்டு நின்றது.

என்னிடம் விளக்கம் இருக்கிறது. கீறல் முடியும் இடத்தைப் பிஸ்டன் தாண்டியதும் கசிவு நின்றுவிடும். ஃபோர்க்கும் அங்கேயே நின்றுவிடும். சரி. ஆனால் என் கை நழுவிப் போட்ட கீறல் ஏன் அவள் எடையின் அளவில் போய் முடிய வேண்டும்? இதற்கு எந்தப் பாடத்தில் விடை தேடுவேன்?

புதுக் குழாயை வாங்கிவிட்டேன். பெட்டி பிரிக்கப்படாமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஏன் மாற்றவில்லை என்கிறீர்களா? மாற்றிய பிறகும் இறங்கினால்...?

நேற்று நஸ்ரீன் அழைத்தாள். இடையில் கேட்டாள்: "என் வண்டி எப்டிடி கீது?"

மறுபடி காற்றேற்றி, பட்டையை அப்போதுதான் அடிவரை இறக்கிவிட்டு நிமிர்ந்திருந்தேன். என் முன்னால் கைப்பிடி தாழத் தொடங்கியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.