டேங்க் மூடியில் ஒரு துளை

"நீ படிச்சி லாரியா ஓட்டப் போற?" என்று மாமா கேட்டார். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வாரம் அது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா ஒரு முதலாளியின், பெட்ரோலில் ஓடும் பழைய லாரியை ஓட்டினார். அம்மாவின் தம்பியான மாமா அதில் மீன் ஏற்றி இறக்குவார்.

ஒரு விடுமுறை நாளில் அவர்களோடு மீன் ஏற்றக் கடலோரக் கனகசெட்டிக்குளம் போனேன். அப்பா அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தார். பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று முதலாளி முறைத்திருந்தார். டேங்க் மூடியில் இருந்த ஊசித்துளை வழியே அது சிந்துவதை அப்பா கண்டுபிடித்து, காலையில் பெட்ரோல் ஊற்றிய கையோடு பார் சோப்பைப் பிசைந்து துளையை அடைத்திருந்தார். வழியெல்லாம் அதே பேச்சு.

மீனோடு திரும்பும்போது லாரி செருமி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பி, ஒரு மைல் போய் மறுபடி படுத்துவிட்டது. வெயில் ஏறியது. கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீராகச் சொட்டியது. இன்னொரு தடவை மீன் தாமதமானால் சாவி வேறு ஆளுக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். அப்பா கார்பரேட்டரைத் திறந்தார். டேங்க் நிறைய இருந்தும் உள்ளே சொட்டுப் பெட்ரோல் இல்லை.

வகுப்பில் டீச்சர் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மேல்முனையை விரலால் மூடிக் காட்டியிருந்தார். விரலை எடுக்கும்வரை தண்ணீர் விழவில்லை.

"அப்பா, அந்தச் சோப்ப எடுத்துடுப்பா. உள்ள காத்துப் போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும்."

"லாரி மூச்சு வுடுதாம் மாமா. மூக்கு எங்கன்னு கேளுங்க" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. மூடியைத் திருகினார். டேங்க் உஸ்ஸென்று நீளமாகக் காற்றை இழுத்தது. என் தலையிலிருந்த கொண்டை ஊசியை வாங்கி அப்பா சோப்பைக் குத்தி எடுத்தார். மாமா லாரிக்கு முன்னால் போய் இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினார். ஐந்தாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கார்பரேட்டரில் தூசி என்று முதலாளியிடம் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மாமா வழியில் யோசனை சொன்னார். மார்க்கெட்டில் முதலாளி சாவிக்காகக் கையை நீட்டியபடி நின்றார்.

"தப்பு என்னுதுங்க. மூடியில இருந்த துளைய நான்தான் அடைச்சிட்டேன். எம் பொண்ணுதான் கண்டுபிடிச்சா" என்றார் அப்பா.

முதலாளி என்னைப் பார்த்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். ஏதோ பெரிய பட்டத்தைச் சொல்வதுபோல் ஆறாவது என்றேன். நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

அப்பா சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டுமே என் காதில் ஏறியது. அதை எங்கள் பகுதியான நெல்லித்தோப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். என்னைப் பற்றி அந்த ஒரு வாக்கியம் சொல்வதற்காகத் தன் வேலையையே அவர் பணயம் வைத்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

கல்லூரியில் பௌதிகம் படிக்கச் சேர்ந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. வகுப்பில் பெண் நான் ஒருத்திதான்.