சுவரில் நான் வரைந்த வாசல்

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டதும் என் கணவர் சொன்னதைத்தான் நீங்களும் சொல்வீர்கள்: "உமக்கு வெயில் தலைக்கேறியிருக்கும், வேறொண்டும் இல்லை." இருக்கலாம். ஆனால் மூடிய சுவருக்குள் என்ன இருக்கிறதென்று வெயிலுக்கு எப்படித் தெரியும்?

இப்போது ஆக்லாந்தின் ஓரத்தில், ஆல்பனியில் ஒரு நில அளவை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆக்லாந்து நகர மையத்தில் கட்டட வேலைக்கு எங்காவது தோண்டியிருந்தால், வேலி இடுக்கால் எட்டிப் பார்க்காமல் என்னால் போக முடியாது. புது மண்ணின் வாசனை பட்டதும் இருபத்திரண்டு வயது திரும்பி வந்துவிடும்.

அப்போது நான் இங்கே தொல்லியல் மாணவி. கிரீஸில் ஒரு பழைய நகரம், அதன் தலைமேலேயே இன்றைய ஊரும் இருக்கிறது. அடுக்குமாடி ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டும்போது ரோமர் காலத்து வீட்டின் சுவர்கள் வெளிப்பட்டுவிட்டன. கொங்கிரீட் ஊற்றுமுன் தோண்டிப் பதிவுசெய்ய ஆறு வாரம் தவணை. தரைப்படம் வரைய ஆள் கேட்டார்கள், கிளம்பிவிட்டேன். "கல்லுக் கீறவோ இவ்வளவு தூரம் போறாய்?" என்றார் அப்பா.

ஓம் அப்பா, கல்லுக் கீறத்தான், ஒவ்வொரு கல்லாக அளந்து படம் வரையத்தான். அதைவிட சந்தோஷமான ஆறு வாரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. மத்தியானமானால் எல்லோரும் அத்திமர நிழலுக்குப் போய்த் தக்காளியும் பாணும் சாப்பிட்டு அப்படியே சரிந்துவிடுவார்கள். எங்கள் தலைவி எலேனி குறட்டை விடுவது தெருவுக்கே கேட்கும்.

கடைசி வாரம் படம் முடியவில்லை என்று நான் மட்டும் குழிக்குள்ளேயே இருந்தேன். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பழுப்பு உடுப்பு, தலையில் துணி, இடுப்பில் ஒரு சட்டி. என்னைக் கடந்து போய்க் கிழக்குச் சுவரின் நிழலுக்குள் நுழைந்தாள். பானை ஓடு கழுவ வந்தவள் என்று நினைத்துத் தலையசைத்தேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் அப்படியே. நம்பினால் நம்புங்கள், அவளை ஒரு வேலைக்காரியாக மட்டுமே நினைத்து, அவள் போன இடத்தில் ஒரு வாசலைப் படத்தில் வரைந்து வைத்தேன், கற்களைப் பிறகு அளந்துகொள்ளலாம் என்று.

வெள்ளிக்கிழமை எலேனி படத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை கொங்கிரீட்.

"இது என்ன வாசல்?"

"ஓடு கழுவுகிற பெண் போகிற வாசல்."

"ஓடு கழுவுவது அருங்காட்சியகத்தில். இந்தக் குழியில் உன்னையும் என்னையும் தவிர வேறு பெண் கிடையாது."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இடுப்பளவு சுவர், ஓர் இடைவெளி கிடையாது. அதன் பின்னால் இன்னும் தோண்டாத மண், ஆள் உயரத்துக்கு. வெட்கத்தோடு, வரைந்த வாசலை அழிக்க அழிறப்பரை எடுத்தேன். எலேனி என் கையைத் தடுத்தாள். குனிந்து கற்களின் இடுக்கை விரலால் தடவிப் பார்த்துச் சொன்னாள்:

"இந்த இடத்தில் சாந்து வேறு நிறம்."

வேலையாட்களைக் கூப்பிட்டு அந்தக் கற்களை மட்டும் பெயர்க்கச் சொன்னாள். அடியில் கல் வாசற்படி, நடுவில் குழிந்து தேய்ந்து கிடந்தது. எந்தக் காலத்திலோ யாரோ வாசலைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். எலேனி தொலைபேசியில் அதிகாரிகளோடு கத்திய கத்தலில் இன்னும் பத்து நாள் கிடைத்தது. தோண்டினோம். சின்ன அறை, தரை முழுக்க வண்ணக் கற்களில் மீன்கள், ஒரு கல்கூட உதிரவில்லை. அதற்காகவே கட்டடத்தின் வரைபடத்தை மாற்றினார்கள். இன்றைக்கு அந்த மாடியில் குடியிருப்பவர்கள் கண்ணாடித் தளத்தின் மேல் நடந்துதான் லிஃப்டுக்குப் போகிறார்கள், காலடியில் மீன்கள்.

எலேனி ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் அழைப்பாள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. "நீ வரைந்தாய், நான் தோண்டினேன், போதும்" என்பாள்.

நான் அவளிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அறையை நான்தான் அளந்து வரைந்தேன். நாலு சுவரையும் கையால் தடவிப் பார்த்தேன். அந்த ஒரு வாசலைத் தவிர வேறு வழியே இல்லை, ஒரு ஜன்னல்கூட இல்லை. மூன்று நாளும் அவள் உள்ளே போனதைத்தான் பார்த்தேன். வெளியே வந்ததை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.